கல்யாண கேசட்டை வெட்டக் காசு கொடுக்காதீர்கள்

உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். பழைய நாட்காட்டிகளுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் இடையே நாலைந்து வீடியோ கேசட்டுகள் கிடக்கும். அக்காவின் திருமணம், தம்பியின் காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா, தாத்தாவின் கருமாதி. சிலிம் ரிவர், துரோலாக், பேராங், தஞ்சோங் மாலிம் என்று இந்த வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறிய குடும்பங்களில் இப்படி ஒரு மூட்டை இல்லாத வீடு குறைவு. அவற்றில் சிலவற்றையாவது இதற்குள் யாராவது ஒரு பிள்ளை கடைக்குக் கொண்டுபோய் டிவிடியாகவோ பெண்டிரைவிலோ மாற்றி வாங்கி வந்திருப்பார். நல்ல காரியம். அதற்கு அடுத்து என்ன செய்வது என்பதுதான் இப்போதைய பேச்சு.

மாற்றிக் கொடுத்தது மூன்று மணி நேரக் கோப்பு. முதல் இரண்டு நிமிடம் வெறும் நீலத்திரை. நடுவில் பத்து நிமிடம் புள்ளி புள்ளியாக மழை. கல்யாணம் முடிந்த பிறகு அதே நாடாவில் யாரோ பதிந்து வைத்த தொலைக்காட்சி நாடகம் ஓடுகிறது. யார் உட்கார்ந்து பார்ப்பது? அதனால் மகன் இணையத்தில் ‘இலவச வீடியோ எடிட்டர்’ என்று தேடி, முதலில் வந்ததைப் பதிவிறக்கம் செய்கிறான். அரைநாள் உழைத்து வெட்டி முடித்துச் சேமித்த பிறகு பார்த்தால், தாலி கட்டும் நேரத்தில் படத்தின் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்டு என்கிறது. இப்படி ஏமாந்து, ‘இதெல்லாம் நமக்கு ஒத்து வராது’ என்று மூடி வைத்துவிட்ட குடும்பங்கள் எத்தனை!

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டு வீடியோவை வெட்டுவதற்கு யாரும் ஒரு காசு கொடுக்கத் தேவையில்லை. கடைக்காரருக்கும் வேண்டாம், மென்பொருள் நிறுவனத்துக்கும் வேண்டாம். உண்மையாகவே இலவசமாக, எந்த முத்திரையும் குத்தாமல், படத்தின் தரத்தைக் கெடுக்காமல் வெட்டித் தரும் எளிய மென்பொருள்கள் இருக்கின்றன. லாஸ்லெஸ்கட் ஒன்று, அவிடெமக்ஸ் இன்னொன்று. நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டுக்கு இந்த இரண்டு போதும். எதை வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது என்பதில்தான் நம்மவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அதற்கும் வருகிறேன்.

முதலில், இந்த நாடாக்களை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று கேட்கலாம். சிலிம் ரிவர் என்ற பெயரை வெளிநாட்டுப் புத்தகங்களில் தேடுங்கள். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலை வழியாகப் புகுந்து பிரிட்டிஷ் இந்தியப் படையை உடைத்த கதைதான் கிடைக்கும். எந்தப் பாலம், எந்தப் படைப்பிரிவு, எத்தனை மணி என்று விவரமாக எழுதியிருப்பார்கள். அந்தச் சாலையின் இரு பக்கமும் ரப்பர் தோட்டங்கள். அந்த லயங்களில் இருந்த நம் பாட்டன் பாட்டிகளின் பெயர் அதில் எங்கே? அதன் பிறகு சயாம் மரண ரயில் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். அங்கே அடைபட்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், திரும்பி வந்து புத்தகம் போட்டார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் எழுத்தாக எதையும் விட்டுப் போகவில்லை. 1946இல் மலாயா பிலிம் யூனிட் தொடங்கியது. அதன் கேமராவும் தோட்டத்துக்கு வந்துதான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் காட்ட விரும்பிய தோட்டத்தைத்தான் அது காட்டியது.

நம்மை நாமே படம் பிடித்துக்கொண்டது எப்போது? 1980களிலும் 90களிலும்தான். தோளில் கேமராவும், கண்ணைக் கூச வைக்கும் விளக்குமாக ஒரு வீடியோக்காரர் கல்யாணத்துக்கு வருவார். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நேரம் போக்க லயத்தைச் சுற்றி ஒரு வலம் வருவார். பெரட்டுக் களம், ஆயக்கொட்டகை, பொதுக்குழாயடி, கோயில் மரம், சைக்கிள் மிதித்துப் போகும் கிராணி, கேமராவைப் பார்த்து முகத்தை மூடிக்கொள்ளும் பால்மரம் வெட்டிக் களைத்து வந்த அம்மா. பணம் கொடுத்தவர்களுக்கு அது வேண்டாத காட்சி. இன்றைக்கு அதுதான் தங்கம்! அந்த லயம் இன்று இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அந்த மூன்று நிமிடம் தவிர அந்தத் தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு வேறு படம் எங்கும் கிடையாது.

ஆகவே தயவுசெய்து, ‘போரடிக்கும் இடம்’ என்று நினைத்து இந்த இடங்களை வெட்டி எறியாதீர்கள். மணவறைக் காட்சி எல்லாக் கல்யாணத்திலும் ஒன்று போலத்தான் இருக்கும். பந்தியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பாருங்கள். கேமரா மெதுவாக ஒவ்வோர் இலையாக நகர்ந்து போகும் அந்த அலுப்பூட்டும் பதினைந்து நிமிடத்தில், தோட்டம் மூடியபோது திசைக்கொருவராகப் போய்விட்ட முழுத் தோட்டமும் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வெட்ட வேண்டியது நீலத்திரையை, மழைத்திரையை, கடைசியில் ஒட்டிக்கொண்ட நாடகத்தை. அந்த நாடகத்தைக்கூட, விளம்பரங்களோடு பதிவாகியிருந்தால் தனியாக எடுத்து வைக்கலாம் என்பேன். பழைய தொலைக்காட்சித் தமிழ் நிகழ்ச்சிகள் எல்லாமே எங்கோ பத்திரமாக இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு இணையத்தில் பல முகம் உண்டு. ஒன்று, முன்பு சொன்ன முத்திரை குத்தும் இலவசம். இன்னொன்று, பத்து நிமிடம் வரைக்கும் இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்பது. மூன்றாவது வகையில் காசு கேட்கமாட்டார்கள், ஆனால் உங்கள் படத்தை அவர்களுடைய கணினிக்கு ஏற்றிய பிறகுதான் வெட்டலாம். உங்கள் தங்கையின் சடங்கு வீடியோ எந்த நாட்டில் எந்தக் கணினியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இது நமக்குத் தேவையா?

நான்காவதாக ஒன்று இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் சொல்கிறார்கள். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்திலிருந்து வளர்ந்த வழி இது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கு நகல் கொடுக்கலாம். ஒரு நிறுவனம் மூடிப் போனாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தோட்டம் வாங்கினார்களே, அந்த மாதிரிதான் இதுவும். ஆளுக்குக் கொஞ்சம் உழைப்புப் போட்டு எழுதிய பொதுச்சொத்து. நாளைக்கு ஒரு முதலாளி வந்து ‘இனி மாதக் கட்டணம்’ என்று சொல்ல முடியாது.

சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் மூவி மேக்கர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எக்ஸ்பி காலத்தில் கணினியோடு சேர்ந்தே வந்தது. பிள்ளைகள் பள்ளி வேலைக்கெல்லாம் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த மென்பொருள் வந்த தொகுப்புக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரி 10ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. மூடப்பட்ட மென்பொருள் என்பதால் வேறு யாரும் எடுத்து நடத்த முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. மூவி மேக்கர் என்ற பெயரிலேயே போலித் தளம் ஒன்றை அமைத்து, படத்தைச் சேமிக்கப் போகும் நேரத்தில் கிட்டத்தட்ட 30 அமெரிக்க டாலர் கேட்கும் மோசடி நடந்துகொண்டிருந்தது. தேடல் பட்டியலில் அந்தத் தளம் மேலே நின்றது. ஆகவே எதைப் பதிவிறக்கினாலும், அந்த மென்பொருளை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடல் பக்கத்தின் உச்சியில் விளம்பரமாக வருவதைத் தொடாதீர்கள்.

இப்போது விண்டோஸ் 11இல் கிளிப்சாம்ப் என்று ஒன்று இருக்கிறது. 2021இல் மைக்ரோசாப்ட் வாங்கியது. இலவசமாகவே முத்திரை இல்லாமல் சேமித்துத் தருகிறது. பிறந்தநாள் வாழ்த்துப் படம் செய்ய நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும். அதோடு ஒவ்வொரு முறையும் படத்தைப் புதிதாக உருவாக்கித்தான் சேமிக்கும். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எந்த மென்பொருள் என்ற முடிவே இதில்தான் இருக்கிறது.

வீடியோ என்பது ஒரு வினாடிக்கு 25 படம். நம் நாட்டில் பழைய கேசட்டுகள் பால் முறை, ஆகவே 25. எல்லாப் படத்தையும் முழுதாகச் சேமித்தால் கோப்பு மலைபோல் ஆகிவிடும். அதனால் எப்போதாவது ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அடுத்து வருபவற்றில் ‘முந்தியதிலிருந்து என்ன மாறியது’ என்பதை மட்டும் எழுதி வைக்கிறார்கள். மணமகள் கையைத் தூக்கினால் கை மட்டும் மாறியது, பின்னால் உள்ள திரை அப்படியே என்று கணக்கு. டிவிடியில் ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறை முழுப் படம் வரும். சிறிய எம்பி4 கோப்பாக மாற்றிக் கொடுத்திருந்தால் பல வினாடிக்கு ஒருமுறைதான் வரும்.

சாதாரண எடிட்டர் வெட்டும்போது எல்லாவற்றையும் பிரித்து, மறுபடியும் சுருக்கிக் கட்டுகிறது. பிறப்புப் பத்திரத்தை நகல் எடுத்து, அந்த நகலை நகல் எடுத்து, அதையும் நகல் எடுத்தால் கடைசியில் பெயரே படிக்க முடியாமல் போகுமல்லவா, அதேதான் இங்கும். ஏற்கெனவே கேசட்டில் மங்கிப்போன முகம் இன்னும் கரைந்துபோகும். பழைய மடிக்கணினியில் மூன்று மணி நேரப் படத்துக்கு இந்த வேலை ராத்திரி முழுக்க ஓடும். லாஸ்லெஸ்கட்டும் அவிடெமக்ஸும் அப்படிச் செய்யாமல் வெட்ட வல்லவை. புடவைக் கடையில் துணியைக் கிழிப்பதுபோல் தேவையான இடத்தில் பிரித்து அப்படியே வேறு கோப்பில் வைத்துவிடும். நூல் ஒன்றுகூட மாறாது. கோப்பை நகல் எடுக்கிற நேரம்தான் ஆகும். ஒரே ஒரு கட்டுப்பாடு, வெட்டு முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். நீங்கள் குறித்த இடத்துக்கு அரை வினாடியோ சில வினாடியோ முன்னால் தொடங்கினால் பயப்படாதீர்கள். அது பிழையில்லை. வீட்டு வீடியோவுக்கு ஒரு வினாடி கூடக் குறைய இருந்தால் என்ன கெட்டுப்போகிறது?

லாஸ்லெஸ்கட்டை மீக்கல் ஃபின்ஸ்டாட் என்ற ஒரு தனிமனிதர் 2016இல் வெளியிட்டார். இதுதான் இருப்பதில் எளிது. கோப்பை இழுத்துத் திரையில் போடுங்கள். தொடக்கத்தில் நிறுத்தி ஆங்கில ‘ஐ’ எழுத்தை அழுத்துங்கள், முடிவில் நிறுத்தி ‘ஓ’ எழுத்தை அழுத்துங்கள், சேமிக்க ‘இ’. முடிந்தது வேலை. கூட்டல் குறியை அழுத்தினால் அடுத்த துண்டு. மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்கும், வெட்டியது பக்கத்தில் புதிய கோப்பாக வந்து நிற்கும். குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மைக்ரோசாப்ட் கடையிலும் ஆப்பிள் கடையிலும் இதே மென்பொருள் விலைக்கு இருக்கிறது. அது அவரை ஆதரிக்க விரும்புகிறவர்களுக்கு. அவருடைய கிட்ஹப் பக்கத்தில் அதே சரக்கு காசில்லாமல் கிடைக்கிறது. அங்கே அழுத்திய கட்டாக வரும். விண்டோஸ் 10இல் அதைப் பிரிக்க செவன்சிப் என்ற இன்னொரு இலவச மென்பொருள் வேண்டும். அவ்வளவுதான் சிரமம்.

அவிடெமக்ஸின் முகம் கொஞ்சம் பழசு, 2000களின் வாசனை அடிக்கும். ஆனால் டிவிடிக்கு இதுவே கைகொடுக்கும். கடைக்காரர் கொடுத்த டிவிடியைக் கணினியில் திறந்தால் உள்ளே ஒரு ஜிபி அளவில் துண்டு துண்டாக விஓபி கோப்புகள் இருக்கும். ஒரே கல்யாணம் நாலு துண்டு, தாலி கட்டும் இடம் இரண்டு துண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அவிடெமக்ஸில் முதல் துண்டைத் திறந்தாலே, ‘வரிசையாக இன்னும் இருக்கிறதே, எல்லாவற்றையும் சேர்க்கவா’ என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒரே படமாக்கிக் கொடுத்துவிடும். இடப்பக்கத்தில் படத்துக்கும் ஒலிக்கும் ‘காப்பி’ என்பதே தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். வேறெதையும் மாற்றாதீர்கள். மேல் கீழ் அம்புக்குறிகள் ஒரு முழுப் படத்திலிருந்து அடுத்த முழுப் படத்துக்குத் தாவும். தொடக்கத்தில் ‘ஏ’, முடிவில் ‘பி’ என்று குறித்து, எம்கேவி வடிவில் சேமியுங்கள். டிவிடியிலிருந்து நேரடியாக வேலை செய்யாமல், முழு உறையையும் முதலில் கணினிக்கு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. வெள்ளை வட்டுகள் நம் ஊர் வெக்கையில் நெடுநாள் தாங்கும் என்று நம்பவே வேண்டாம்.

துண்டுகளை இணைத்து, பெயர் எழுத்து போட்டு, இசை சேர்த்து முழுப் படமாகச் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஷாட்கட் கொடுங்கள். அதுவும் கட்டற்றது. ஓப்பன்ஷாட், கேடென்லைவ் ஆகியவையும் நல்லவையே. ஆனால் இவை மறுபடி சுருக்கும் வகை. ஆகவே வெட்டிய துண்டுகளைப் பத்திரப்படுத்திய பிறகுதான் இந்த விளையாட்டு. பார்ப்பதற்கு விஎல்சி போதும். பாரீஸ் மாணவர்கள் 1996இல் கல்லூரிக்குள் ஆரம்பித்த வேலை அது. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது.

கணினித் திரையில் பார்க்கும்போது ஆட்கள் அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியலாம். ‘கடைக்காரன் கெடுத்துவிட்டான்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். பழைய தொலைக்காட்சிக்கு ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக எடுத்தார்கள். அந்தப் பாதிகள்தான் தெரிகின்றன. விஎல்சியில் பார்க்கும்போது அதைச் சரிசெய்யும் வசதி உண்டு. கோப்பில் கை வைக்க வேண்டாம். அதேபோல் பழைய படம் நாலுக்கு மூன்று என்ற அளவு. புதிய அகலத் திரையை நிரப்ப இழுத்துவிட்டால் மாப்பிள்ளை பெண் இருவரும் குண்டாகிவிடுவார்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் இருப்பது பழைய விண்டோஸ் 10 கணினியா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வங்கிக் கணக்குப் பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் இணையத்தைத் துண்டித்துவிட்டு வீடியோ வெட்டுவதற்கு அது தாராளமாகப் போதும். மென்பொருளை வேறு கணினியில் இறக்கிப் பெண்டிரைவில் கொண்டுவரலாம். அல்லது லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன எல்லாமே அதிலும் ஓடும். புதுக் கணினி வாங்கினால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெட்டி முடித்தாயிற்று, உடனே யூடியூப்பில் ஏற்றத் துடிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் ஊர்க் கல்யாண வீடியோவில் பின்னணி முழுக்க இளையராஜா பாட்டும் ரகுமான் பாட்டும்தான். யூடியூப் 2007 முதல் வைத்திருக்கும் உள்ளடக்க அடையாள ஏற்பாடு அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். படத்தில் விளம்பரம் போட்டு அந்தக் காசு பாட்டு நிறுவனத்துக்குப் போகலாம், ஒலி அடங்கலாம், படமே மறைக்கப்படலாம். அதற்காகச் சிலர் முழு ஒலியையும் எடுத்துவிட்டு ஏற்றுகிறார்கள். பாட்டோடு சேர்ந்து நாதஸ்வரமும், ஒலிபெருக்கியில் மொய் வாசிக்கும் குரலும், செத்துப்போன மாமாவின் சிரிப்பும் போய்விடும். ஏற்றும் நகலில் வேண்டுமானால் ஒலியை அடக்குங்கள். வீட்டுப் பிரதியில் ஒருபோதும் வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. அந்தப் படத்தில் இருக்கும் பெண்கள், அன்று பிள்ளையாக இருந்து இன்று பெரியவர்களானவர்கள், எல்லாரும் உலகம் பார்க்கச் சம்மதித்தார்களா? நலங்கு, சடங்கு, சாவு வீட்டு ஒப்பாரி ஆகியவை குடும்பத்துக்குள் இருப்பதே மரியாதை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் சாதாரண வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இரண்டு ஜிபி வரை சுருக்காமல் அப்படியே போகும்.

இனி முக்கியமான ஒன்று. வெட்டிய பிறகு, ‘இனி எதற்கு’ என்று முழுக் கோப்பை அழிக்கிறார்களே, அது மட்டும் கூடவே கூடாது. காரணம் உணர்ச்சி மட்டுமல்ல. நம் சமுதாயத்தில், ‘இந்தக் கோயில் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறது?’, ‘இவர் இந்தத் தோட்டத்தில்தான் வளர்ந்தாரா?’ என்ற கேள்விகள் திடீரென்று வாசலில் வந்து நிற்கும். தாள் இல்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீடியோ என்பது பத்திரம் ஆகாது, அதைக் காட்டினால் அடையாள அட்டை கிடைத்துவிடும் என்று யாருக்கும் ஆசை காட்டமாட்டேன். ஆனால் 1989 திருவிழாவில் கோயிலுக்கு அருகில் யார் நின்றார்கள், எந்த கங்காணி, எந்தத் தலைவர், யாரைத் தேடிப்போய்ச் சாட்சி கேட்கலாம் என்று அது காட்டிக் கொடுக்கும். வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடத் துண்டை யாரும் எளிதாகச் சந்தேகிக்கலாம். தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாத நாடாவுக்கு உள்ள கனம் வேறு. திரையின் மூலையில் தேதி விழுந்திருந்தால் நல்லது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, கேமராக் கடிகாரத்தைச் சரியாக வைத்த வீடியோக்காரர் அபூர்வம்! அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ் இருந்தால் கூடவே படம் எடுத்து அதே உறையில் போடுங்கள்.

இடம் பிடிக்குமே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு டிவிடி 4.7 ஜிபி. ஒரு டெராபைட் வெளிவட்டில் இருநூறு டிவிடிக்கு மேல் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு இல்லை, ஒரு தோட்டத்துக்கே போதும். அதனால்தான் இதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்வதைவிட, கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முன்னின்று ஒரு சனிக்கிழமை செய்யலாம் என்கிறேன். ஒரு மடிக்கணினி, இரண்டு வெளிவட்டு, விவரமுள்ள நாலு இளைஞர்கள். ஒரு வட்டு கோயிலில் இருந்தால் இன்னொன்று வேறு ஊரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து போயின. பிறகு 2005இல் ஈழத்துத் தமிழர்கள் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, வீட்டு வீடாகக் கிடந்த புத்தகங்களையும் இதழ்களையும் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பு அது. நமக்கு ஏன் முடியாது?

அந்த சனிக்கிழமைக்கு வயதானவர்களையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். படம் ஓடும்போது ஒரு கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். ‘இது பெரிய மண்டோர் மகள், இவள் ஈப்போவுக்குக் கட்டிக்கொடுத்தது, இந்த வீடு ஆறாம் லயம்’ என்று பாட்டி சொல்லிக்கொண்டே போவார். எந்த மென்பொருளாலும் செய்ய முடியாத வேலை இது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், பிறகு தோட்டத்தின் பெயர், பிறகு நிகழ்ச்சி. ‘வீடியோ புதுசு கடைசி இரண்டு’ என்று வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது.

இன்னும் கடைக்கே போகாத கேசட்டுகள் வைத்திருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். ஆஸ்திரேலியத் தேசியப் படக் காப்பகம் 2015லேயே, காந்த நாடாவில் உள்ளதை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று எச்சரித்தது. நாடாவும் கெடுகிறது, ஓட்டும் பெட்டியும் இல்லை. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற பழைய பெட்டிகள் பழுதானால் பாகம் கிடைப்பதும் கஷ்டம்.

கேசட்டின் சிறு கண்ணாடி வழியாக நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். அதை வீட்டுப் பெட்டியில் போட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள். பெட்டியின் தலை கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் ஒட்டிக்கொள்ளும். தனியாக ஒரு பையில் கட்டி, சுத்தம் செய்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கேசட்டைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் நல்ல கேசட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். முழுதாகச் சுற்றி, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். கடைக்காரர் அவசரத்தில் பாதி மங்கலாக எடுத்திருந்தால் இன்னொரு முறை எடுக்க அதுதான் வேண்டும்.